ஐந்தாவது பந்துக்குப் பின் இறங்கிய கை

மார்ச் 12, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் கடைசி ஓவரில் நான் ஸ்கோர் மேசையிலேயே தூங்கிவிட்டேன் என்று மூன்று இடங்களில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்: ரொட்டிக்கடையில், பால் பூத்தில், கோயில் வாசலில். அது தவறு. நான் தூங்கவில்லை. எழுபத்து நான்கு வயதிலும் பகலில் தூங்கும் பழக்கம் எனக்கு இல்லை. கான்வென்ட்டில் மதிய வகுப்பில் யாருக்காவது கண் சொருகினால் மதர் ஜெனவீவ் எழுந்து நிற்கச் சொல்வார். நின்று நின்றே எனக்கு அது விட்டுப்போயிற்று.

தூக்கத்தில் என் கை லீவரின் மேல் விழுந்து மைதானத்துச் சிக்னல் கைகாட்டி இறங்கிவிட்டது என்பது அந்தப் பேச்சின் இரண்டாம் பகுதி. அதுவும் தவறு. லீவரின் பிடியோடு சேர்ந்த கொக்கியை அழுத்தினால்தான் பூட்டு விடும். அப்புறம் தோள் பலத்தோடு இழுக்க வேண்டும். தூங்குகிறவளின் கை அதைச் செய்யாது.

யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம் என்று இருக்கிறேன். யாரும் கேட்கவில்லை.

நடந்ததை ஒழுங்காக எழுதிவைப்பது நல்லது. முப்பத்திரண்டு வருடம் ரயில்வே அலுவலகத்தில் ஸ்டெனோவாக இருந்தவள் நான். விபத்து விசாரணை அறிக்கைகள் எத்தனையோ தட்டச்சு செய்திருக்கிறேன். முதலில் நடந்தது, பிறகு சாட்சிகள் சொன்னது, கடைசியில் பொறுப்பு யாருடையது. இந்த வரிசை மாறக்கூடாது.

எங்கள் பொன்மலைக் கைகாட்டி கிரிக்கெட் கிளப் இந்த வருடம் லீகில் முதலிடம். பதினோரு ஆட்டங்களில் பத்து வெற்றி. கால் இறுதியில் எதிரே வந்தது கொள்ளிடம் லெவன், எட்டாம் இடத்தில் தட்டுத்தடுமாறி உள்ளே நுழைந்தவர்கள். முப்பது ஓவரில் அவர்கள் 171 எடுத்தார்கள். ரன் சமமானால் லீகில் மேலே இருந்த அணிக்கே வெற்றி என்பது போட்டி விதி. ஆகவே எங்களுக்கு 171 போதும். பக்கத்தின் தலைப்பில் அதை எழுதி அடிக்கோடும் போட்டேன்.

எங்கள் மைதானத்தில் ஸ்கோர் பலகையில் எண் ஓவர் முடிந்த பிறகுதான் மாறும். நடுவில் ஆட்டக்காரர்கள் பார்ப்பது கைகாட்டியைத்தான். என் கணவர் ஞானப்பிரகாசம் சிக்னல் இன்ஸ்பெக்டர். கழித்துப்போட்ட ஒரு பழைய சிக்னலை அனுமதி வாங்கிக் கொண்டுவந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே நட்டு, கம்பி இழுத்து, லீவரை ஸ்கோர் மேசைக்குப் பக்கத்தில் வைத்தார். சிவப்புக் கை நேராக நீட்டியிருந்தால் இன்னும் ரன் வேண்டும். கீழே சரிந்து இறங்கினால் வேண்டியது வந்துவிட்டது, லைன் கிளியர். முப்பத்தொரு வருடமாக ஸ்கோர் எழுதுவதும் அந்த லீவரை இழுப்பதும் நான்.

கடைசி ஓவர் தொடங்கும்போது 164, ஒன்பது விக்கெட் போயிருந்தது. ஐந்து பந்துகள் ஆனதும் கை இறங்கியது. கடைசிப் பந்தை எங்கள் கடைசி மட்டையாளன் குழந்தைவேல் காலை முன்னால் வைத்துத் தடுத்து நிறுத்திவிட்டு, மட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெவிலியனைப் பார்த்து ஓடிவந்தான். பாதி வழியில் அம்பயர் நிறுத்தினார். நான்காவது பந்தில் ஓடிய இரண்டில் ஒன்று குறை, மட்டை கோட்டைத் தொடாமல் திரும்பியது; மொத்தம் 170. ஒரு ரன்னில் தோற்றோம்.

என் நோட்டிலும் 170 என்றுதான் இருக்கிறது.

மார்ச் 13, புதன்

காலையில் புதுப் பென்சில் டஜன் ஒன்று பிரித்தேன். பின்புறத்தில் ரப்பர் வைத்த பென்சில்தான் இப்போது கிடைக்கிறது. பன்னிரண்டின் ரப்பரையும் பிளேடால் வெட்டி எறிந்தேன். ஸ்கோர் எழுதுகிறவர் அழிக்கக்கூடாது. தவறினால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். இது என் விதி. கிளப் பிறகு இதைத் தன் விதியாக ஏற்றுக்கொண்டது.

ரப்பர் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு நூர்ஜஹான் வந்தாள். கிளப் ஆடும் ஒரு ஆட்டத்தைக்கூட விடாதவள். தோற்ற அன்றிலிருந்து அவள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லையாம். பிரியாணி செய்தும் மிச்சமாம். லீகில் அத்தனை பேரையும் அடித்துவிட்டு முதல் நாக்-அவுட்டிலேயே வீட்டுக்கு வருவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டாள். பிறகு, நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்வியையும் கேட்டாள்.

"நோட்டுல நூத்தி எழுவதுன்னா கை எப்படிக்கா இறங்குச்சு?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டேன். பால் பொங்கவில்லை. அவள் போகும்போது என் ரவிக்கைக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். இப்போது வரும் ஊசிகளில் காதை ஒழுங்காகத் துளைப்பதில்லை.

ஸ்கோர் நோட்டும் அப்படித்தான். இந்த வருட நோட்டில் கோடுகளைச் சரியாக அச்சடிக்கவில்லை. பக்கத்தின் நடுவில் நெளிகின்றன. கடைக்காரரிடம் கேட்க வேண்டும்.

மார்ச் 14, வியாழன்

காஸ் சிலிண்டர் வந்தது. நான்கு முறை கேட் வரை போய்த் திரும்பினேன். எதற்காகப் போனேன் என்று தெரியவில்லை.

மார்ச் 15, வெள்ளி

செயலாளர் துரைராஜ் காலையில் வந்தார். உட்காரச் சொன்னேன். நுனியில் உட்கார்ந்தார். என் கணவரிடம் வேலை கற்றுக்கொண்டவர். அதனால் இந்த வீட்டு நாற்காலியில் இன்றுவரை முழுதாக உட்கார்ந்ததில்லை.

நான் தூங்கியதாகப் பேசுகிறவர்களின் வாயை அடைத்துவிட்டதாகச் சொன்னார். எப்படி என்றேன். கம்பிதான் காரணமாம். மத்தியான வெயிலில் கம்பி நீண்டு தளர்ந்து, கை தானாகவே கொஞ்சம் தொங்கிவிட்டதாம். கமிட்டியில் நான்கு பேர் இதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

"உங்க மேல ஒரு சொல்லு விழ விடமாட்டேம்மா. சார் நட்ட கைகாட்டி. வெயிலு யாரு பேச்சையும் கேக்காது" என்றார்.

வெயிலில் கம்பி நீளும் என்பது உண்மை. என் கணவர் கோடையில் பாதி நாட்களை அந்தக் கம்பிகளை இழுத்துக் கட்டுவதிலேயே கழித்தார். ஆகவே துரைராஜ் சொன்னதில் பிழை என்று எதையும் என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை. காபி கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, அடுத்த வாரச் சனிக்கிழமை, இருபத்து மூன்றாம் தேதி, கமிட்டி கூடுகிறது என்றார். குழந்தைவேலின் பெயரைக் கிளப் பட்டியலிலிருந்து எடுப்பது பற்றித்தான். எதற்கு என்று கேட்டேன்.

"அரைகுறையா தொங்குன கையப் பாத்து ஆட்டத்த நிறுத்தலாமாம்மா? ரூல் தெரியாதா அவனுக்கு? கொள்ளிடத்துல அவன் மச்சான் வேற ஆடுறான். ஊரு சும்மா இருக்குமா?"

மேசையில் காபி வட்டம் இருந்ததைத் துடைத்தேன். டம்ளர் நிறைவதற்கு முன்பே நிறுத்தியதாகத்தான் நினைத்தேன்.

மாலையில் சிலுவைப் பாதைக்குப் போனேன். முடிந்ததும் பாவசங்கீர்த்தனத்துக்கு, சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல, ஐந்து பேர் நின்றார்கள். நான் ஆறாவது. நான்காவது ஆள் உள்ளே போனபோது, அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்தோமே என்று வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். தவக்கால வெள்ளியில் காலைக் காபிக்குப் பிறகு நான் அடுப்பே மூட்டுவதில்லை என்பது வீட்டுப் படியேறும்போதுதான் நினைவுக்கு வந்தது.

மார்ச் 16, சனி

நண்பகலில், வெயில் உச்சியில் இருக்கும்போதே மைதானத்துக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை கடைசி ஓவர் நடந்தது நாலரை மணிக்கு. நாலரைக்குத் தளரும் கம்பி பன்னிரண்டரைக்கு அதைவிடத் தளர்ந்திருக்க வேண்டும். குடையை மடக்கிவைத்துவிட்டுக் கம்பி நெடுகிலும் நடந்தேன். விரலால் தட்டிப் பார்த்தேன், வீணைக் கம்பிபோல விண்ணென்றது. கை மட்டமாக நீட்டியபடி நின்றது. ஒரு விரல் அளவுகூடச் சரியவில்லை.

கம்பம் மட்டும் நடுவில் கொஞ்சம் வளைந்திருப்பதாகப் பட்டது. பக்கத்தில் போய்த் தடவிப் பார்த்தால் வளைவில்லை.

லீவரை ஒருமுறை இழுத்துப் பார்க்கலாமா என்று நினைத்தேன். இழுக்கவில்லை. ஆட்டம் இல்லாத நாளில் கையை இறக்கக்கூடாது என்பது என் கணவரின் விதி.

மார்ச் 17, ஞாயிறு

அரை இறுதி இன்று எங்கள் மைதானத்தில் நடக்க வேண்டியது. தில்லைநகர்ப் பக்கம் ஏதோ மைதானத்தில் கொள்ளிடம் லெவன் ஆடுகிறார்கள். பூசை முடிந்து, சந்தையில் கத்தரிக்காய் வாங்கி, கால்கள் தம் போக்கில் மைதானத்துக்கே கொண்டுபோய்விட்டன. அங்கே பார்த்தால் முப்பது பேர் இருக்கிறார்கள். ஆட்டம் இல்லை, பந்து இல்லை. வழக்கமாக உட்காரும் சிமென்ட் படிகளில், வழக்கமான இடங்களிலேயே உட்கார்ந்து வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் நாற்காலியையும் மேசைக்குப் பின்னால் யாரோ போட்டிருந்தார்கள். உட்கார்ந்தேன்.

பேச்சு சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தது. டாஸ் வென்று முதலில் ஆடியிருக்க வேண்டும் என்றார் ஒருவர். கேப்டன் மீசையை எடுத்ததிலிருந்தே சரியில்லை என்றார் இன்னொருவர். பத்து ஆட்டம் ஜெயித்ததே தப்பு, நடுவில் இரண்டு தோற்றிருந்தால் கண்ணேறு கழிந்திருக்கும் என்று நூர்ஜஹானின் கணவர் சொல்ல, அடுத்த வருடம் கடைசி இடத்துக்கு ஆடுவோம், கோப்பை தானாக வீட்டுக்கு வரும் என்று யாரோ பதில் சொன்னார்கள். சிரித்தார்கள். சிரிப்பு நீடிக்கவில்லை.

ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் மாரிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. அவர் பேசினால் மற்றவர்கள் கேட்பார்கள்.

"அரைக்கை தொங்குனா அது நில்லுன்னுதான் அர்த்தம். சரியா காட்டாத சிக்னல நம்பி வண்டிய எடுத்தா தப்பு டிரைவர் மேல. முப்பத்தஞ்சு வருசம் ஓட்டியிருக்கேன். அந்தப் பய எடுத்துட்டான்."

"முழுசா இறங்கியிருந்தா?" என்று நூர்ஜஹான் படியிலிருந்தே கேட்டாள்.

"முழுசா இறங்கியிருந்தா டிரைவரத் தொட முடியாது. இறக்குனவனத்தான் கேக்கணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. அது அதைவிட மோசம். அம்மாவை வெயிலில் உட்காரவைத்துவிட்டோமே என்று யாரோ குடை கொண்டுவந்தார்கள்.

கத்தரிக்காயை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 18, திங்கள்

ஸ்கோர் நோட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனரி கடைக்குப் போய்க் கோடுகள் நெளிவதைக் காட்டினேன். கடைக்காரர் பொறுமைசாலி. வேறொரு நோட்டைக் கொடுத்தார். அதிலும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. மொத்தக் கட்டும் கெட்டிருக்கிறது, திருப்பி அனுப்புங்கள் என்றேன். அவர் ஒரு மர ஸ்கேலை எடுத்துக் கோட்டின் மேல் வைத்தார்.

"நேராத்தான இருக்கு, பாருங்கம்மா."

ஸ்கேலும் நெளிந்திருந்தது.

நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியில் ரோட்டோர மின்கம்பங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடியே நடந்தேன்.

மார்ச் 19, செவ்வாய், சூசையப்பர் திருநாள்

உழைக்கிறவர்களின் பாதுகாவலர் திருநாள். திருப்பலிக்குப் போய்விட்டு வந்து சற்று நேரம் கழித்துக் கதவைத் திறந்தால், வாசற்படிக்குக் கீழே குழந்தைவேல் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறான். வெல்டிங் வேலைக்குப் போகிற வழி. சட்டையில் சிறுசிறு ஓட்டைகள். இருபத்தெட்டு வயது. வேகப்பந்து வீச்சாளன், இந்த லீகில் முப்பத்தொரு விக்கெட். நானே எழுதிய கணக்கு. மட்டை பிடிப்பது கடைசி ஆளாகத்தான்.

காபி கொடுத்தேன். நின்றுகொண்டே குடித்தான். ஆடாமல் இருந்தால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்றான். பிறகு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக் கேட்டான்.

"அம்மா, கை முழுசாத்தான இறங்குச்சு?"

நான் அவன் கழுவிய டம்ளரை எடுத்துத் துடைத்தேன். அவன் தொடர்ந்தான்.

"நாலாவது பால்ல அம்பயர் தோளத் தொட்டாரும்மா. நான் பாத்தேன். ஒண்ணு கொறையுதோன்னு ஒரு டவுட்டு இருந்துச்சு. அஞ்சாவது பால் ஓடி முடிச்சதும் கைய திரும்பிப் பாத்தேன். கீழ கிடந்துச்சு. சரி, நம்ம பாத்ததுதான் தப்பு, அம்மா இறக்கியிருந்தா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

ஏப்ரலில் ரயில்வே கோட்ட அளவிலான தேர்வு முகாம் இருக்கிறது. கிளப்பின் கடிதம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வயது வரம்பு இருபத்தெட்டு. ஆகஸ்டில் அவனுக்கு இருபத்தொன்பது. சனிக்கிழமை பெயரை எடுத்துவிட்டால் கடிதம் கிடையாது. இதையெல்லாம் அவன் ஒரு முறையீடாகச் சொல்லவில்லை. நான் கேட்டேன், அவன் சொன்னான். மச்சானை இழுத்துப் பேசுவதால் அக்கா அழுகிறாள் என்பதை மட்டும் அவனாகச் சொன்னான்.

"ஆட்டம் முடிஞ்சு போச்சு, குழந்தை. வேலைக்கு நேரமாகுது பாரு" என்றேன்.

சரிங்கம்மா என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். கேட்டை ஓசையில்லாமல் சாத்தினான்.

சமைக்கவில்லை. ஹாலிலுள்ள நாற்காலிகளை எல்லாம் சுவர்ப்பக்கம் நகர்த்தினேன். பிறகு பழைய இடத்துக்கே நகர்த்தினேன். என் கணவரின் படத்துக்கு முன்னால் விளக்கு மங்கலாக எரிகிறதென்று பல்பை மாற்றினேன். புதியதும் மங்கல்தான்.

மார்ச் 20, புதன்

இந்த நாட்குறிப்பை முதலிலிருந்து படித்தேன். 'ஐந்து பந்துகள் ஆனதும் கை இறங்கியது' என்று எழுதியிருக்கிறேன். கை தானாக இறங்காது.

மார்ச் 21, வியாழன்

கொள்ளிடம் லெவனின் ஸ்கோரர் வெங்கடரமணியிடம் தொலைபேசியில் பேசினேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு வங்கியில் வேலை பார்ப்பவர், நாற்பது வயது இருக்கும். அன்று என் மேசையில் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர். அரை இறுதியில் அவர்களும் தோற்றுவிட்டார்களாம். அனுதாபம் சொன்னேன். ஒழுங்காகத்தான் சொன்னேன்.

எதற்காகக் கூப்பிட்டேன் என்று நான் சொல்வதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்.

"நான் யாருட்டயும் சொல்லலை மாமி. சொல்லவும் மாட்டேன். உங்க நோட்டும் என் நோட்டும் டாலி ஆறது. ரெக்கார்டுக்கு அது போறும்."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். ஆக, அவர் பார்த்திருக்கிறார். நான் வாயைத் திறக்காவிட்டால் இந்த உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்த எண்ணம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் கூப்பிட்டேனோ என்னவோ. அந்த மனிதர் என்னைப் பார்த்து இரக்கப்பட்டார். வகுப்பில் மட்டான பிள்ளைகளுக்குக் காட்டும் இரக்கம். எனக்கு யாரும் அதை இதுவரை காட்டியதில்லை.

ரயில்வே பட்டறைச் சங்கு ஊதியதும், அந்த நேரத்துக்கு என் கணவர் சைக்கிளில் வருவாரே, அதற்காக எழுந்து கேட்டைத் திறந்துவிட்டேன். ஒன்பது வருடமாகச் செய்யாத காரியம்.

மார்ச் 22, வெள்ளி

காலையில் ஸ்கோர் நோட்டை ஜன்னலோரம் வைத்துக்கொண்டு இடது கண்ணைக் கையால் மூடினேன். கோடுகள் நேராகின. வலது கண்ணை மூடினேன். கோடுகள் நெளிந்தன, பக்கத்தின் நடுவே ஒரு சாம்பல் நிறப் பொட்டு. எங்கே பார்க்கிறேனோ அங்கேயே அது வந்து நிற்கிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஓரத்து எண்கள் இருந்தன; நடுவில் முட்கள் இல்லை. வலது கண்ணிலும் கொஞ்ச நாளாகப் புகைபோல ஒன்று உண்டு. அதற்கு நான் பல்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இது மார்கழியிலிருந்தே இருக்கிறது. எழுதிவிட்டேன்.

இனி கமிட்டிக்கு. கீழே உள்ளது கடிதத்தின் நகல். மூலத்தை நூர்ஜஹானைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன், பிழை இருக்கிறதா என்று பார்க்க. பிழை இல்லை. படித்து முடித்ததும் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "குழந்தைவேலு வீட்டுக்குப் போயிட்டு வாங்கக்கா, நான் கூட வர்றேன்" என்றாள். நானே போகிறேன், ரோடு தாண்டும்போது மட்டும் வா என்றேன்.

*

செயலாளர் அவர்களுக்கு,
பொன்மலைக் கைகாட்டி கிரிக்கெட் கிளப்.

நாளைய கூட்டத்தில் வேறு எதையும் எடுப்பதற்கு முன் இதை உரக்கப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 10 ஆட்டத்தின் கடைசி ஓவரில் நான் தூங்கவில்லை. கம்பியும் தளரவில்லை. பதினாறாம் தேதி நண்பகல் வெயிலில் நானே போய்ப் பார்த்தேன். சந்தேகமிருந்தால் டிரைவர் மாரிமுத்துவை அனுப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது பந்தில் அம்பயர் தோளைத் தொட்டு, ஒரு ரன் குறை என்று காட்டியிருக்கிறார். நான் அதைப் பார்க்கவில்லை. அவர் நின்ற இடத்தில் எனக்கு அவர் தெரியவில்லை. பக்கத்தில் வெங்கடரமணி கை உயர்த்தியதும், பார்த்துவிட்டேன் என்பதுபோல நானும் கை உயர்த்தினேன். இரண்டு என்று எழுதினேன். ஐந்தாவது பந்துக்குப் பின் என் கூட்டலில் 171 வந்தது. லீவரை நான் இழுத்தேன். கை முழுதாக இறங்கியது.

ஆட்டம் முடிந்ததும் வெங்கடரமணி பிழையைச் சொன்னார். அம்பயர் மேசைக்கு வருவதற்குள் நான் அந்த இரண்டை ரப்பரால் அழித்து ஒன்று என்று எழுதினேன். அடித்துக் கையெழுத்திடவில்லை. முப்பத்தொரு வருடத்தில் ரப்பரைத் தொட்டது அதுவே முதல் முறை. அந்தப் பக்கத்தை இணைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்தால் அழித்த இடம் தெரியும்.

கம்பியைப் பற்றி நீங்கள் சொன்னபோது, அது சரியல்ல என்று எனக்குத் தெரியும். சும்மா இருந்தேன். குழந்தைவேல் என் வீட்டுக்கே வந்து கேட்டபோதும் சும்மா இருந்தேன். அவன் அம்பயரைச் சரியாகப் பார்த்தவன். தன் கண்ணைவிட என் கையை நம்பினான். முழுதாக இறங்கிய கையைப் பார்த்து நடந்தவன் மேல் குற்றம் இல்லை என்பது கிளப்பில் எல்லோருக்கும் தெரிந்த விதி. பொறுப்பு லீவரை இழுத்தவருடையது.

அவன் பெயரை எடுக்கக்கூடாது. தேர்வு முகாமுக்கான கடிதம் நாளையே அவன் கையில் கொடுக்கப்பட வேண்டும். அவன் மச்சானைப் பற்றிப் பேசியவர்கள் அவன் அக்காவிடம் போய், தாங்கள் பேசியது தவறு என்று சொல்ல வேண்டும். நான் குழந்தைவேலிடம் இன்று மாலை போய்ச் சொல்லிவிடுவேன். அதைக் கமிட்டிக்கு விடவில்லை.

ஸ்கோர் மேசைக்கு வேறு ஆளைப் பாருங்கள். கூட்டல் தெரிந்தவராக இருந்தால் மட்டும் போதாது. அம்பயரின் தோள் எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ரப்பர் வெட்டிய பென்சில்கள் பன்னிரண்டு என்னிடம் இருக்கின்றன, அனுப்பிவைக்கிறேன். திங்கட்கிழமை கண் மருத்துவரிடம் போகிறேன்.

துரைராஜ், நீ நல்லெண்ணத்தில்தான் செய்தாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் சார் இருந்திருந்தால் கம்பியின் மேல் பழி போட விட்டிருக்க மாட்டார்.

கமிட்டி எடுத்த முடிவை எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும். ஆள் மூலம் சொல்லி அனுப்ப வேண்டாம். எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஜெசிந்தா ஞானப்பிரகாசம்